கீழக்கரையா, ஏர்வாடியா, ராமேஸ்வரமா: அத்தர் கடை சுற்ற ஒரு நாள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு நாள் போய் அத்தர் கடைகளைச் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்புகிற மதுரைக்காரர்களும் திருச்சிக்காரர்களும் பெரும்பாலும் யோசிக்காமல் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பெயர் தெரிந்த ஊர், ரயில் நேரே போகிறது, 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து அதையும் பார்த்த மாதிரி ஆச்சு என்ற ஆசை வேறு. கோயிலுக்கும் கடலுக்கும் என்றால் தாராளமாகப் போங்கள். அத்தருக்கு என்றால் என் ஓட்டு கீழக்கரைக்குத்தான். மற்ற மூன்று ஊர்களும் (ஏர்வாடி, ராமேஸ்வரம், ராமநாதபுரம் டவுன்) உதவாது என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்கு, வேறொரு ஆளுக்கு.

எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்றால், அத்தருக்கு நேரம் வேண்டும். கடைக்காரர் மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டும்போது வருகிற வாசம் வேறு, தோலில் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து நிற்கிற வாசம் வேறு. முதலில் எகிறிக் குதிப்பது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான, சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. அது பறந்தபிறகு பூ வாசம் தலைதூக்கும், அதற்கும் அப்புறம்தான் சந்தனம், ஊது (அகில் மரத்து வாசனை), கஸ்தூரி மாதிரியான கனத்த அடிவாசம். நீங்கள் காசு கொடுத்து வாங்கி நாள் முழுக்கச் சுமக்கப்போவது இந்தக் கடைசிப் பகுதியை, ஆனால் கடையில் நின்று முடிவெடுப்பதோ முதல் ஐந்து நிமிடத்தை வைத்து. வீட்டுக்கு வந்ததும் "கடையில் நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லாரும் புலம்புவது இதனால்தான், கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுத்ததால் அல்ல.

ஆக, ஊரைப் பார்த்து நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காலையில் கையில் போட்டுக்கொண்டு, ஊருக்குள் இரண்டு மூன்று மணி நேரத்தை உருப்படியாகக் கழித்துவிட்டு, அதே கடைக்கு நடந்தே திரும்பி வந்து வாங்க முடியுமா?

கீழக்கரையில் முடியும். ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கிறது, இறங்கினால் கடை, பள்ளிவாசல், கடற்கரை எல்லாமே நடக்கிற தூரம். முஸ்லிம் பஜார் பக்கம் போனால் அத்தர் மட்டுமே விற்கிற கடையைவிட, தொப்பி, பேரீச்சம்பழம், கைக்கடிகாரம் இவற்றோடு ஒரு கண்ணாடி அலமாரி நிறைய அத்தர் வைத்திருக்கிற கடைகள்தான் அதிகம் கண்ணில் படும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள், இந்த ஊரில் வாங்குகிறவர்கள் விவரமானவர்கள். முத்தும் சங்கும் ஏற்றிக் கடல் கடந்து வியாபாரம் செய்த மரக்காயர்களின் ஊர் இது, 17ஆம் நூற்றாண்டில் "செத்தும் கொடுத்த" சீதக்காதி வள்ளல் வாழ்ந்த ஊர். இன்றைக்கும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ இருக்கிறார், அவர் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துபாய் ஊது வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஜனங்களிடம் மட்டமான சரக்கைத் தலையில் கட்டினால் அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரரான நமக்குக் கிடைக்கிற நன்மை அதுதான், உள்ளூர் மூக்கு நமக்காக ஏற்கெனவே சலித்து வைத்திருக்கிறது.

வாங்குகிற முறையும் கொஞ்சம் பழைய மாதிரி. பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குச்சியிலோ பாட்டில் மூடியின் கண்ணாடித் தண்டிலோ தொட்டுப் புறங்கையில் தடவிவிடுவார்கள், பிடித்தால் 3 மில்லி, 6 மில்லி, 12 மில்லி பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள். பெரியவர்கள் இன்னமும் தோலாக் கணக்குச் சொல்வார்கள், ஒரு தோலா என்றால் ஏறக்குறைய 12 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். "காக்கா, முதல்ல கையில போட்டுட்டுப் போறேன், மதியம் வந்து வாங்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள் (காக்கா என்றால் இந்தப் பக்கத்தில் அண்ணன்). முகம் சுளிக்காத கடையில் திரும்பப் போய் வாங்குங்கள், சுளித்தால் பக்கத்துக் கடை.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: "இதுல பேஸ் என்ன?" உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பாரம்பரியமாக அத்தர் இறக்குவது எப்படியென்றால், பூவையும் தண்ணீரையும் செப்புக் கொப்பரையில் போட்டு, மூடியைக் களிமண் வைத்து அடைத்து, விறகில் சூடேற்றி, வருகிற ஆவியை மூங்கில் குழாய் வழியே இன்னொரு செப்புக் குடுவைக்குள் இறக்குவார்கள். அந்தக் குடுவையில் சந்தன எண்ணெய் இருக்கும், பூவின் வாசத்தை அதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டி நிற்கிறது, அதனால் பெரும்பாலான சரக்கில் லிக்விட் பாரஃபினோ, டிஓபி என்று சுருக்கமாகச் சொல்கிற வாசமில்லாத கரைப்பானோதான் அடித்தளம். அது குற்றமில்லை. விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மில்லி சுத்தச் சந்தன எண்ணெய்க்கு அடக்கவிலையே முந்நூறு ரூபாய்க்குக் குறையாது, அப்படியிருக்க நூறு ரூபாய்க்கு "ஒரிஜினல் சந்தனம்" என்று யாராவது கொடுத்தால் என்ன கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். ரோஜாவும் அப்படியே. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும், பஜாரில் கிடைக்கிற ரோஜா அத்தர் அநேகமாக எல்லாமே செயற்கை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சில செயற்கைக் கஸ்தூரிகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. நிஜக் கஸ்தூரியோ மானைக் கொன்று எடுத்தது, அது நமக்கு வேண்டவும் வேண்டாம்.

கீழக்கரையில் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது வெட்டிவேரும் ஊதும். வெட்டிவேர் இந்த வெயிலுக்கு ஏற்றது, வியர்வையோடு சண்டை போடாது. ஊதை எண்ணெயாக வாங்குவதைவிடக் கட்டையாகக் கொஞ்சம் வாங்கிப் பார்க்கலாம். நம் பழைய ஆட்கள் அகில் என்று சொன்ன அதே மரம், பூஞ்சை தாக்கிய இடத்தில் மட்டும் மரம் பிசின் சுரந்து கறுத்துப்போகும், அந்தக் கறுத்த பகுதிக்குத்தான் இவ்வளவு விலை. மேலே எண்ணெய் தடவிக் கறுப்பாக்கிய துண்டுகளும் சந்தையில் உண்டு, ஆகவே கரியில் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் புகையோடு வாசம் முடிந்து வெறும் விறகு நாற்றம் வந்தால் வேண்டாம்.

சரி, கையில் போட்டாச்சு, இனி அந்த இரண்டு மூன்று மணி நேரம். பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்க்கலாம். கல்தூண்களும் தூணின் செதுக்கலும் கோயில் மண்டபக் கட்டுமானத்தை அப்படியே ஒத்திருக்கும், உருவச் சிற்பம் மட்டும் இருக்காது (தொழுகை நேரம் தவிர்த்து, அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்). அப்புறம் படகுத்துறைப் பக்கம் நடந்தால் மன்னார் வளைகுடாக் காற்று. மூக்கைத் துடைத்துவிட அதைவிட நல்லது எதுவும் இல்லை. மாலுக்குள் இருக்கிற செண்டுக் கடைகளில் காப்பிக்கொட்டையை முகரக் கொடுக்கிறார்களே, அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை, வெளியே போய்க் காற்றில் நிற்பதுதான் வழி. மதியச் சாப்பாடு, கிளம்பும்போது தேங்காய்ப்பாலில் கிளறிய தொதல் என்ற இனிப்பு கால் கிலோ. ஒன்று மறக்காதீர்கள்: அத்தரை இடது கையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், வலது கை பிரியாணிக்கு. நெய்யும் பூண்டும் மீனும் கலந்த கையில் எந்த ஊதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம், மணிக்கட்டில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று, சட்டைக் கையின் உள்பக்கத்தில் ஒன்று. நாலாவது வாசம் வந்தால் முதலாவது எது என்றே மறந்துபோகும்.

கீழக்கரையில் குறை இல்லாமல் இல்லை. மதியம் லுஹர் தொழுகை, சாப்பாடு என்று கடைகள் கொஞ்ச நேரம் அடைத்துவிடும். பிரெஞ்சு, இத்தாலி ஸ்ப்ரே வகைகளைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பஜாரில் நிற்கிற கூட்டம் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் போனால் கடைக்காரர்கள் மரியாதையில் குறை வைப்பதில்லை, ஆனாலும் நின்று நிதானமாக நாலு பாட்டிலை முகர்ந்து பார்க்க இன்னொருவர் துணைக்கு இருந்தால் வசதி.

ஏர்வாடி அங்கிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். தூத்துக்குடி, சாயல்குடி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும். சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா தர்கா இருக்கிற ஊர், கேரளாவிலிருந்தெல்லாம் ஜனம் வருகிறது, எல்லா மதத்தாரும் வருகிறார்கள், வருடாவருடம் சந்தனக்கூடு விழா. தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அத்தருக்குக் குறைவில்லை, கீழக்கரையைவிட விலையும் இறக்கமாகவே இருக்கும், பேரம் பேசவும் இடமுண்டு. பிறகு ஏன் முதலிடம் கொடுக்கவில்லை என்றால், இந்தக் கடைகளின் வாடிக்கையாளர் இன்று வந்து இன்றே போகிறவர். ஊருக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்கும் மச்சினனுக்கும் கொடுக்க அவருக்குச் சின்னச் சின்ன பாட்டில் டஜன் கணக்கில் வேண்டும், கடைக்காரர் அதற்கேற்ற சரக்கைத்தான் அடுக்குவார். அதில் தப்பே இல்லை. பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்கவேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு ஏர்வாடி. உங்களுக்கென்று ஒரே ஒரு பாட்டில் வேண்டுமா, கீழக்கரையிலேயே நின்றுவிடுங்கள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தெரு முழுக்க ஊதுபத்தியும் சாம்பிராணிப் புகையும். மனசுக்கு இதமாக இருக்கும், மூக்குக்கு அதோடு வேலை முடிந்தது. அந்தப் புகையில் நின்று இரண்டு அத்தருக்கு வித்தியாசம் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஆனால் அதே காரணத்துக்காகவே புகைக்கிற சரக்கு வாங்க ஏர்வாடிதான் இடம்: சாம்பிராணி, குந்திருக்கம், பக்கூர் (அரபு நாட்டுத் தூபக் கலவை). எல்லாவற்றையும் கரியில் போட்டுக் காட்டத் தயங்கமாட்டார்கள். கப் சாம்பிராணி வேண்டாம், கட்டிச் சாம்பிராணி கேளுங்கள், உடைத்தால் உள்ளே வெள்ளையும் பழுப்புமாக இருக்கவேண்டும். பக்கூர் கலவைகளில் இந்தக் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சில கடல் நத்தைகளின் வாயை மூடுகிற தகடு இருக்கிறதே, நகம் போல இருக்கும், அதைப் பக்குவம் செய்து தூபக் கலவையில் சேர்ப்பது அரபு நாடுகளில் மிகப் பழைய வழக்கம். தனியாக எரித்தால் முடி கருகிய நாற்றம், கலவையில் சேர்ந்தால் மற்ற வாசங்களைப் பிடித்து நிறுத்தும்.

கடல் வாசனைச் சரக்கு என்றதும் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடவேண்டும். இந்தக் கரையில் எந்த ஊரிலாவது யாராவது காதோடு காதாக "அம்பர் இருக்கு, பார்க்கிறீங்களா" என்றால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். அம்பர் என்பது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. அந்தத் திமிங்கலம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால், அம்பரை வைத்திருப்பதே குற்றம், வாங்குவது விற்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த வழியாக இலங்கைக்குக் கடத்தப் பார்த்துப் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. கடையில் "அம்பர்" என்று லேபிள் ஒட்டி விற்கிற அத்தர் வேறு சமாச்சாரம். அது பிசின்களின் கலவையாக இருக்கும், அல்லது கிளாரி சேஜ் என்ற செடியின் சரக்கிலிருந்து செய்கிற அம்ப்ராக்சானாக இருக்கும். அதைப் பயமில்லாமல் வாங்கலாம்.

ராமேஸ்வரம் ராமநாதபுரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், போக வர நாளில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். ரத வீதிக் கடைகளில் ஜவ்வாது, சந்தனக் கட்டை, விபூதி, அத்தர் எல்லாம் இருக்கிறது, சங்குக்கும் பாசிமணிக்கும் நடுவில். வட இந்திய யாத்ரீகர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிற இடம், கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரமில்லை, உங்களுக்கும் இருக்காது. அதோடு, 22 தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத்தோடு வருகிற உடம்பில் எந்த அத்தரைப் போட்டுப் பார்ப்பது? ஆடுவதற்கு முன்னால் போட்டாலோ, அக்னி தீர்த்தக் கடலிலேயே கரைந்துவிடும். ஜவ்வாது வேண்டுமானால் வாங்கலாம். அந்தக் காலத்துப் புனுகுச் சரக்கு அல்ல, வாசனை சேர்த்த பொடிதான், துணிமணி அலமாரியில் போட்டு வைக்க நன்றாக இருக்கும். சந்தனக் கட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். ஏதோ ஒரு மரத்துண்டில் வாசனை எண்ணெய் தடவியது அது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம், நாலு தடவை அரைத்தால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு விதிவிலக்கு. வாசனைக்காகவே தீவுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தால், கோயில் கடைகளை விட்டுவிட்டு வழியில் தங்கச்சிமடத்தில் இறங்குங்கள். அங்கே மணல் பூமியில் மல்லிகைப் பதியன் போட்டு வளர்க்கிறார்கள். ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்று இங்கிருந்துதான் மற்ற மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகிறது. மல்லிகை மென்மையான பூ, சூட்டில் வாசம் கெட்டுப்போகும், ஆகவே பெரும்பாலும் கரைப்பான் போட்டுத்தான் அதன் வாசத்தைப் பிரித்தெடுக்கிறார்கள், அதற்கு ஆலை வேண்டும், விலையும் எக்கச்சக்கம். பஜாரில் "மல்லிகை அத்தர்" என்று விற்பதில் ஒன்றுகூட எனக்குப் பிடித்ததில்லை, எல்லாமே கல்யாண மண்டபத்தில் தெளிக்கிற பன்னீர் மாதிரி இருக்கும். அதற்குப் பதில் நாலு பதியன் வாங்கி வந்து மொட்டைமாடித் தொட்டியில் வையுங்கள், சாயங்காலம் நிஜ மல்லிகையே கிடைக்கும்.

ராமநாதபுரம் டவுனைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. அரண்மனை வாசல் பக்கத்துக் கடைகளில் கம்பெனி ஸ்ப்ரேயும் கிடைக்கும், பெரிய பிராண்டு வாசத்தை ஒத்ததாகக் கலந்து ஊற்றிக் கொடுப்பதும் கிடைக்கும். ஊற்றிக் கொடுப்பதில் கேட்கவேண்டியது, எத்தனை சதவீதம் எண்ணெய் என்பது. ஓ டி பர்ஃப்யூம் என்றால் பொதுவாக 15 முதல் 20 சதவீதம், ஓ டி டாய்லெட் அதற்கும் குறைவு, மீதி ஆல்கஹால். எண்ணெய் அத்தரைவிட ஸ்ப்ரே சட்டென்று சுற்றிலும் பரவும், இந்த வெயிலில் அதே வேகத்தில் பறந்தும்விடும். ஆபீசுக்குப் போட ஒன்று வேண்டும், அரை மணி நேரத்தில் வாங்கிவிட்டு ரயிலைப் பிடிக்கவேண்டும் என்கிறவருக்கு டவுன் போதும். ஒரு நாள் ஒதுக்கி வருகிறவருக்கு அது பஸ் மாறுகிற இடம்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறீர்கள், அவர்களுக்குச் சாமி தரிசனம் வேண்டும் என்றால் அத்தர் யோசனையையே விட்டுவிட்டு ராமேஸ்வரம் போங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும். கீழக்கரையையும் ஏர்வாடியையும் மட்டும் ஒரே நாளில் சேர்க்கலாம், அதிலும் வரிசை முக்கியம்: கீழக்கரை முதலில். காலை பத்து மணிவாக்கில் போய்க் கையில் போட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றி, சாப்பிட்டு, கடை திறந்ததும் மூன்று மணிக்குள் வாங்கி முடித்துவிட்டு, அப்புறம் ஏர்வாடிக்குப் போய்ச் சாம்பிராணியும் பரிசு பாட்டில்களும். மாற்றிப் போனால் ஏர்வாடிப் புகை சட்டையிலும் தலைமுடியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கீழக்கரையில் எந்த பாட்டிலை நீட்டினாலும் சாம்பிராணிதான் மணக்கும்.

கிழமையைப் பொறுத்தவரை வெள்ளி வேண்டாம், ஜும்மாவுக்காக மதியம் நீண்ட நேரம் கடை இருக்காது. வியாழன் சாயங்காலம் ஏர்வாடியில் கூட்டம் ஏறும். ரமலான் மாதத்தில் பகலில் பஜார் தூங்கும், இரவில் ஜேஜே என்று இருக்கும். பெருநாளுக்கு முந்தைய வாரம் சரக்கு புதிது, வகையும் அதிகம், ஆனால் யாரும் உங்களை நிதானமாக முகர விடமாட்டார்கள். செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள் வாங்கிய பாட்டிலை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், ராமநாதபுரம் வெயில் ஒரே மதியத்தில் அதைக் கெடுத்துவிடும். மூடியை இறுக்கி, துணியில் சுற்றி, பைக்குள் நிமிர்த்தி வைத்தால் போதும்.